மோட்டார் வண்டிக்கு மெருகு

மெருகு என்னும் சொல்லை நாம் ஏதோ ஒன்றைச் சேர்ப்பது என்னும் கருத்திலேயே வழங்கி வருகிறோம். மெருகு ஏற்றினான் என்கிறோம். மெருகு பூசினான் என்கிறோம். உண்மையில் மெருகிடுதல் சேர்க்கும் தொழில் அன்று, கழிக்கும் தொழில். அரிசியைத் தீட்டினால் வெண்மை பெறுகிறது; ஆனால் தவிடு போய்விடுகிறது. சாணை பிடித்தால் அரிவாள்மணை கூர்மை பெறுகிறது. ஆனால் ஒவ்வொரு சாணைக்கும் இரும்பு சற்றே தேய்கிறது. மோட்டார் வண்டியின் வர்ணப் பூச்சை யந்திரம் கொண்டு மெருகிடுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், நான் இன்று சொல்லப்போகும் மற்ற யாவும் எளிதில் விளங்கும். இதை மறந்தவர்க்கு எத்தனை விலையுயர்ந்த யந்திரமும் துணை செய்யாது.

இவ்விஷயத்தை வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தில்லியில் வாழ்பவரின் வண்டி மேல் கோடைக்காலப் புழுதிக் காற்று மணலை வாரி இறைக்கிறது. மும்பையில் கடற்காற்றின் உப்பும் மழைக்காலச் சேறும் படிகின்றன. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கழுவும் இடங்களில், அந்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெயிலில் காய்ந்து வட்ட வட்டமாக வெண்திட்டுகளை விட்டுச் செல்கிறது. இவற்றோடு, நம் குடியிருப்புகளில் விடியற்காலையில் வந்து வண்டி துடைத்துச் செல்லும் தொழிலாளியின் துணியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியும் கொண்டு அவர் பத்துப் பன்னிரண்டு வண்டிகளைத் துடைத்தாக வேண்டும். முதல் வண்டியின் மணல் பத்தாவது வண்டியின் மேல் தேய்கிறது. மணலிலுள்ள படிகக்கல் துகள் வர்ணப் பூச்சைவிடக் கடினமானது. ஆகவே ஒவ்வொரு துடைப்பும் ஆயிரம் நுண்ணிய கீறல்களைப் போடுகிறது. வண்டியை வெயிலில் நிறுத்தி, சூரியனின் பிம்பம் விழும் இடத்தை உற்று நோக்குங்கள். அப்பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போன்ற வட்டக் கோடுகள் தென்படும். கறுப்பு வண்டியில் அவை பளிச்சென்று தெரியும், வெள்ளை வண்டியிலும் இல்லாமல் இல்லை, கண்ணுக்கு மறைந்திருக்கின்றன, அவ்வளவே.

இக்கோடுகளைப் போக்கவே யந்திர மெருகு. வழக்கமாக நாம் செய்வது என்ன? வண்டியைக் கழுவும் நிலையத்தில் விட்டு, 'ரப்பிங் பாலிஷ்' செய்து தரும்படி கேட்கிறோம். அங்கே முரட்டுக் காம்பவுண்டும் கம்பளி பேடும் பூட்டிய ஒரு யந்திரம் இருக்கும். அரை மணியில் வண்டி மின்னும். இரண்டு மூன்று கழுவலுக்குப் பின் பார்த்தால், பழைய கோடுகள் திரும்பி வந்திருக்கும். போதாக்குறைக்குப் புதிதாக யந்திரம் சுழன்ற வளையச் சாயல்களும் சேர்ந்திருக்கும். கீறல் போகவில்லை, எண்ணெய்ப் பசையால் நிரப்பப்பட்டிருந்தது. பசை கழுவப்பட்டதும் குட்டு வெளிப்பட்டது. இதைக் கண்டு வெறுத்தவர்கள் தாமே இத்தொழிலைக் கற்றால் என்ன என்று எண்ணுகிறார்கள். நல்ல எண்ணமே. கற்பதும் கடினமன்று. ஆனால் எதைத் தொடுகிறோம் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இக்கால வண்டியின் வர்ணம் ஒரே பூச்சு அன்று. இரும்புத் தகட்டின் மேல் துரு பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு இருக்கிறது. அதன் மேல் இடைப்பூச்சு. அதன் மேல் நாம் காணும் நிறம். அந்நிறத்தின் மேல் கண்ணாடி போன்ற, நிறமற்ற மேற்பூச்சு. இதையே தொழிலாளர் 'கிளியர் கோட்' என்கின்றனர். 1980-களில் உலகெங்கும் பரவிய இம்முறையில், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து உள்ளிருக்கும் நிறத்தைக் காப்பது இந்த மேற்பூச்சே. நாம் மெருகிடுவதும் இதைத்தான்.

இதன் கனம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்பர். நம் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். எல்லாப் பூச்சுகளும் சேர்ந்து வழக்கமாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அதில் மேற்பூச்சு மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். அதாவது, தலைமயிரின் பருமனில் பாதியோ சற்று மேலோ. மென்மையான ஒரு மெருகு ஓரிரு மைக்ரானைக் கழிக்கும். முரட்டுக் காம்பவுண்டு அதைவிட மிகுதியாகக் கழிக்கும். கழிந்தது திரும்பாது. வரம்பு மீறித் தேய்ந்த மேற்பூச்சு சில ஆண்டு வெயிலில் வெளுத்து, செதில் செதிலாக உரியத் தொடங்கும். அப்பால் அந்தப் பாகம் முழுவதையும் புதிதாக வர்ணம் அடிப்பதன்றி வேறு வழியில்லை. ஆகவே வண்டியின் ஆயுட்காலத்தில் செலவிடத்தக்க ஒரு சிறு முதல் நம் கையில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதைச் சிக்கனமாகச் செலவிடுவதே இக்கலை.

எல்லாக் கீறலும் மெருகில் போகும் என்று எண்ணலாகாது. கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் கீறல் ஆழமானது. அதை அடியோடு போக்க முயன்றால் மேற்பூச்சும் போய்விடும். அதன் ஓரங்களைச் சற்று மழுங்கச் செய்து, கண்ணுக்கு உறுத்தாதபடி விட்டுவிடுவதே அறிவுடைமை. நகம் தடுக்காத மெல்லிய கோடுகளே மெருகுக்கு உரியவை.

இனி யந்திரத்தைப் பற்றிக் காண்போம். இதில் இரு வகை உண்டு. முதல் வகை 'ரோட்டரி'. குயவனின் சக்கரத்தைப் போல ஒரே மையத்தில் சுழல்வது. வேகமாகக் கழிக்கும், வேகமாகச் சூடும் ஏற்றும். ஓரிடத்தில் சில விநாடி நின்றுவிட்டால் பூச்சைக் கருக்கிவிடும். கைதேர்ந்தவரின் கருவி அது. இரண்டாவது வகை 'டூயல் ஆக்‌ஷன்' என்னும் இரட்டை இயக்க யந்திரம். நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழவி குழியைச் சுற்றி வட்டமிடுகிறது. அப்படி வட்டமிடும்போதே தானும் புரள்கிறது. இந்த யந்திரத்தின் பேடும் அவ்வாறே விலகிய மையத்தில் வட்டமிட்டுக்கொண்டே தானும் சுழல்கிறது. சூடு ஓரிடத்தில் குவிவதில்லை. அளவுக்கு மீறி அழுத்தினாலோ சாய்த்துப் பிடித்தாலோ பேட் சுழல்வதை நிறுத்திவிடுகிறது. தொடக்கக்காரருக்கு இந்தக் குறையே பெருங்காவல். முதலில் வாங்குவது இவ்வகையாகவே இருக்கட்டும். பேடைத் தாங்கும் தட்டின் விளிம்பில் பேனா மையால் ஒரு கோடு போட்டுவைத்தால், பேட் சுழல்கிறதா நிற்கிறதா என்பதை வேலையின் நடுவே கண்டுகொள்ளலாம்.

பேடுகளில் கம்பளியும் மைக்ரோஃபைபரும் மிகுதியாகக் கழிப்பவை. நுரைப் பஞ்சு மென்மையானது. நுரைப் பஞ்சிலும் கடினம், நடுத்தரம், மென்மை என்று தரங்கள் உண்டு. நிறத்தைக் கொண்டு தரம் காண முயலாதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி நிறம் கொடுக்கின்றனர். மருந்திலும் இவ்வாறே காம்பவுண்டு முரடானது, பாலிஷ் நடுத்தரம், முடிவு மெருகுக்கு உரியது மிக மென்மையானது. தொடக்கக்காரர் நுரைப் பஞ்சு பேடுகளில் நடுத்தரத்தில் மூன்று நான்கும், மென்மையில் இரண்டு மூன்றும், ஒரு புட்டி பாலிஷும் வைத்துக்கொண்டால் போதும். பழுதுபட்ட வண்டியின் பானெட் அல்லது கதவு ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி அதன் மேல் கைபழகுவது மிக நன்று. தில்லி மாயாபுரி, மும்பை குர்லா, கொல்கத்தா மல்லிக் பஜார் ஆகிய இடங்களில் இத்தகைய பாகங்கள் கிடைக்கும். கதவு பாழானால் அந்த விலையோடு நட்டம் தீர்ந்தது.

வேலையின் பெரும்பகுதி யந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வண்டியில் ஒரு மணல் துகள் எஞ்சியிருந்தாலும் பேட் அதைச் சுமந்து சென்று எங்கும் கோடு போடும். முதலில் வெறும் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிப் புழுதியைப் போக்குங்கள். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் சோப்பு நீர், மற்றதில் துணியை அலசத் தெளிந்த நீர். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். கழுவிய பின் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் விரல்களை நுழைத்துப் பூச்சின் மேல் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக உணர்ந்தால், தார்த்துளியும் இரும்புத் தூளும் பதிந்திருக்கின்றன என்று பொருள். இதற்கென்று விற்கும் களிமண் கட்டியை, வழுவழுப்பான நீர் தெளித்து, அழுத்தாமல் தேய்த்தால் அவை நீங்கும். களிமண் கட்டி தரையில் விழுந்துவிட்டால் அதைத் துண்டு துண்டாகத் தேடிச் சுத்தம் செய்ய முற்படாதீர்கள், எறிந்துவிடுங்கள்.

அடுத்து வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்து, நன்கு உலர்த்தி, புறங்கையை வைத்துப் பாருங்கள். தகடு குளிர்ந்திருக்க வேண்டும். சூடான தகட்டில் மருந்து உடனே காய்ந்து பற்றிக்கொள்ளும். கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர், எழுத்துச் சின்னங்கள், கூர்மையான விளிம்புகள் ஆகியவற்றை மாஸ்கிங் டேப் ஒட்டி மறையுங்கள். விளிம்புகளை மறைப்பது ஏன் என்று கேட்கலாம். ஈர வர்ணம் கூர்மையான விளிம்பில் தங்காமல் இருபுறமும் விலகிப் பாய்கிறது. ஆகவே அங்கே பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். பேடின் வலுவும் அங்கேதான் குவியும். வண்டியில் வெள்ளை அடி தெரியும்படி தேய்ந்த இடங்கள் பெரும்பாலும் பானெட்டின் மடிப்புக் கோடும் கதவின் ஓரமுமே.

பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று இப்போது கிடைக்கிறது. பழைய வண்டி வாங்கியவர்க்கு அது பேருதவி. ஒரு பாகத்தில் மட்டும் 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால், அது பிற்காலத்தில் வர்ணம் அடிக்கப்பட்டது என்று ஊகிக்கலாம். பல நூறு காட்டினால் உள்ளே புட்டி அடைத்திருக்கிறது. இரண்டாம் முறை அடித்த வர்ணம் மென்மையா கடினமா என்று சொல்ல இயலாது. கனம் மிகுதி என்பதற்காகத் துணிந்து தேய்க்கவும் கூடாது. மற்ற பாகங்களைவிடக் குறைவாகக் காட்டும் பாகம் முன்பே பலமுறை மெருகிடப்பட்டது. அதைத் தொடாதிருப்பதே நன்று. பிளாஸ்டிக் பம்பரை இக்கருவி அளக்காது. பிளாஸ்டிக் சூட்டை வெளியே கடத்தாமல் தேக்கிக்கொள்ளும். எனவே பம்பரில் அழுத்தமும் நேரமும் இரண்டும் குறைவாக இருக்கட்டும்.

இனி சோதனைச் சதுரம். முழு வண்டியிலும் இறங்குவதற்கு முன், பானெட்டின் நடுவில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை டேப் ஒட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். மிக மென்மையான பேடும் மிக மென்மையான மருந்தும் கொண்டு தொடங்குங்கள். கோடுகள் போகவில்லை என்றால் மட்டுமே ஒரு படி முரடான பேடுக்குச் செல்லுங்கள். அதன் பிறகே மருந்தை மாற்றுங்கள். வைத்தியர் மருந்தின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது போன்றது இது. எந்தச் சேர்க்கை போதுமானதோ அதைக் கொண்டே முழு வண்டியையும் முடிக்க வேண்டும்.

செய்முறை இது. பேடில் கடலைப் பருப்பு அளவில் மூன்று நான்கு சொட்டு மருந்து வையுங்கள். யந்திரத்தைத் தகட்டின் மேல் பொருத்திய பின்பே ஓட விடுங்கள். நிறுத்திய பின்பே எடுங்கள். சுழலும் பேடைக் காற்றில் தூக்கினால் மருந்து நாற்புறமும் தெறிக்கும். முதலில் மிகக் குறைந்த வேகத்தில் மருந்தைச் சதுரம் முழுவதும் பரப்புங்கள். பிறகு ஆறு படிகள் உள்ள யந்திரமாயின் நான்கு அல்லது ஐந்தாம் படிக்கு உயர்த்துங்கள். கையை விநாடிக்கு ஓரிரு அங்குலம் நகர்த்துங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பாதி மூடிச் செல்லட்டும். இடம் வலமாக ஒரு முறை, மேல் கீழாக ஒரு முறை. இவ்வாறு நான்கு முறை போதும். பேட் தகட்டோடு தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். அழுத்தம் எவ்வளவு என்றால், யந்திரத்தின் எடையும் அதன் மேல் அயர்ந்து கிடக்கும் கையின் எடையுமே. தோளின் பலத்தைக் காட்ட வேண்டிய இடம் இதுவன்று. முடிந்ததும் தூய மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

உடனே வியந்துவிடாதீர்கள். மருந்திலுள்ள எண்ணெய் கீறலை மறைத்திருக்கலாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர் சேர்த்துத் தெளித்துத் துடைத்து, ஒரு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அப்போது காண்பதே உண்மை. ஆல்கஹாலை நெருப்பின் அருகே வைக்கலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைத் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். நான்கைந்து சதுரங்களுக்கு ஒரு முறை பேடையே மாற்றுங்கள். தேய்த்த வர்ணத் தூள் பேடில் அடைத்துக்கொண்டால், மெருகிட வந்த பேடே கீறல் போடத் தொடங்கும். தகட்டை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு வந்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். மேற்பூச்சு உள்ள வண்டியில் மெருகிடும்போது பேடில் வண்டியின் நிறம் ஒட்டினால், அந்த விநாடியே நிறுத்துங்கள். மேற்பூச்சைத் துளைத்துவிட்டோம் என்பதன் அடையாளம் அது. பழைய அம்பாஸடர், பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளுக்கு இவ்விதி பொருந்தாது. 2014-இல் அம்பாஸடரின் உற்பத்தி நின்றுவிட்டது எனினும் அதைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உளர். அப்பழைய வண்டிகள் பலவற்றில் நிறமே மேற்பூச்சு. அங்கே பேடில் நிறம் ஒட்டுவது இயல்பு. எந்த வகை என்பதை வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டு மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

வண்டியைக் காப்பது போல உங்களையும் காத்துக்கொள்ள வேண்டும். கழுவிய தரை முற்றும் உலர்ந்த பின்பே மின்சாரக் கருவியை எடுங்கள். பூமி இணைப்பு உள்ள சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் சாதனம் வீட்டில் இருப்பது அவசியம். கம்பியைத் தோளின் மேலாகப் பின்னே விட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் மேல் உராயாது, பேடிலும் சிக்காது. பேடை மாற்றும்போது இணைப்பைக் கழற்றிவிடுங்கள். தோளில் துண்டு, தழையும் வேட்டி, தொங்கும் துப்பட்டா ஆகியன வேண்டா. மோதிரம், கைக்கடிகாரம், வளையல், இடைவாரின் பூட்டு இவை மெருகிட்ட தகட்டில் கோடு போடும், கழற்றி வைத்துவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மறைப்பும் அணியுங்கள். பொது வாகன நிறுத்தத்தில் வேலை செய்பவர்கள் குழந்தைகள் ஓடி வரும் வழியில் கம்பியைக் கிடத்தாதிருப்பது அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை.

மெருகு முடிந்த பூச்சு பிறந்த மேனியாக நிற்கிறது. அதற்கு ஒரு காப்பு வேண்டும். பிரேஸில் நாட்டுப் பனை வகையொன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னவ்பா மெழுகு சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை தாங்கும். செயற்கைக் காப்புப் பூச்சுகளும் செராமிக் பூச்சும் அதைவிட நெடுநாள் உழைக்கும். ஆனால் எந்தக் காப்பும் மணல் துணியின் முன் நில்லாது. இன்று முழுநாள் பாடுபட்டு நீக்கிய கோடுகள், நாளைக் காலை அதே வாளியும் அதே துணியும் வந்தால் மீண்டும் பிறக்கும். ஆகவே வண்டி துடைக்க வருபவரிடம் நாமே இரண்டு வாளியும் நல்ல மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கிக் கொடுத்து, உலர்ந்த புழுதியைத் துடைக்க வேண்டா, முதலில் தண்ணீர் விடுங்கள் என்று அவர் மொழியில் பக்குவமாகச் சொல்லிவைப்போம். அதற்கென மாதம் சிறிது கூடுதலாகக் கொடுத்தாலும் அது வீண் செலவு ஆகாது. நல்ல கழுவல் இருந்தால் ஆண்டுதோறும் மெருகிட வேண்டிய தேவையே எழாது. வெறும் கழுவலும் மெழுகும் போதும் என்று தோன்றும் ஆண்டில் யந்திரத்தைப் பெட்டியிலேயே விட்டுவையுங்கள்.

முதல் நாளிலேயே முழு வண்டியையும் முடித்தாக வேண்டும் என்னும் நியதி இல்லை. இந்த ஞாயிறு பானெட், அடுத்த ஞாயிறு ஒரு பக்கத்துக் கதவுகள் என்று செய்யலாம். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இத்தொழிலுக்கு முற்றும் பொருந்தும். நூற்றுக்கு எண்பது கோடுகள் மறைந்து, ஆழமான சில எஞ்சி நின்றால், அங்கேயே நிறுத்துங்கள். அந்த எஞ்சிய கோடு வண்டிக்குக் கேடு செய்யாது. அதைத் துரத்திச் செல்லும் கையே கேடு செய்யும். பளபளப்பை ஒரு நாளில் காணலாம். அப்பளபளப்பின் அடியில் எவ்வளவு பூச்சை மிச்சம் வைத்தீர்கள் என்பதைப் பல கோடைகள் கழித்தே காண இயலும். அன்று உங்கள் வண்டி வெயிலில் நிமிர்ந்து நிற்குமாயின், நீங்கள் இத்தொழிலைக் கற்றுவிட்டீர்கள் என்பது பொருள்.